பவளக் கல்லில் கட்டிய நூல்

என் 2005ஆம் வருட டைரியில், ஆடி மாதக் கடைசியில், அந்தப் பெண்ணைப் பற்றிய முதல் குறிப்பு இருக்கிறது. "செக்கிங்கில் புது ஆள். ராமநாதபுரம் ஜில்லா. மத்தியானத்துக்குள் ஒரு ஷீட் அம்பு காலி."

அம்பு என்பது சிவப்புக் காகித ஸ்டிக்கர். தைத்து வந்த பனியனில் எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்ட, குறையின் பக்கத்தில் அதை ஒட்டுவார்கள். ஒரு ஷீட் சாதாரணமாக இரண்டு நாள் வரும். திருப்பூரில் முதலிபாளையம் போகும் வழியில் இருந்த பனியன் கம்பெனியில் நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். என் அறைக்கும் செக்கிங் ஹாலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும். சூப்பர்வைசர் அவர் மேசைக்கு வந்து நின்றதைப் பார்க்கவும் முடிந்தது, கேட்கவும் முடிந்தது.

"ஏனுங்கக்கா, இதுல என்ன தப்புன்னு அம்பு ஒட்டியிருக்கறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க சார். ஒரு இழை மட்டும் தடிமனா ஓடுது."

"அதையெல்லாம் வெள்ளைக்காரன் பாப்பானுங்களா?"

"அவுக பாக்கலைன்னா இழை மெலிஞ்சிருமா சார்?"

சூப்பர்வைசர் திரும்பி நடந்தபோது அவர் சட்டை முதுகில் ஒரு அம்பு இருந்தது. தோள்பட்டைக்குக் கீழே தையல் விட்டிருந்தது. சாயங்காலம் வரை ஹாலே வாயைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தது. மறுநாள் காலையில் சூப்பர்வைசர் நேராக அவர் மேசைக்கு வந்தார். "ஏனுங்கக்கா, ஊட்டுல எம்பொண்டாட்டி இது எவ ஒட்டி உட்டதுன்னு கேக்கறா. நான் என்னன்னுங்க சொல்றது?"

"கேள்வி கேக்குற நேரத்துல ஊசியை எடுக்கச் சொல்லுங்க சார்" என்றார், தலையைத் தூக்காமல்.

அப்போது அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அகலமான தோள். விரல்களில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கீறல்கள். ஒரு பீஸை எடுத்து மேசையில் விரிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். முன்பக்கம், பின்பக்கம், கை இரண்டு, கழுத்து, விளிம்பு எல்லாம் பார்த்து, மடித்து வைக்கும்போதுதான் மூச்சை விடுவார். நான் ஒருநாள் கேட்டதற்கு, தனக்கே அது தெரியாது என்றார். பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அம்மாவோடு கடலில் முங்கிப் பாசி எடுத்தவர். பாசியை வாங்கி மருந்துக்கும் ஐஸ்கிரீமுக்கும் சேர்க்கும் பொருள் செய்வார்கள். தண்ணீருக்குள் எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமானால் மூச்சு நின்றுதானே ஆக வேண்டும்.

அவர் கண்ணில் பட்ட குறையை அவரால் விட முடியாது. யாருடையது என்பதும் கணக்கில்லை. 2006 பங்குனியில் ஒருநாள் லாரி வந்து நிற்க, பெட்டிகளெல்லாம் டேப் ஒட்டி அடுக்கி முடிந்த பிறகு, அவர் என் அறைக்கு வந்து நின்றார்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் நான் பாத்த ஒரு பீஸ்ல கழுத்து லேபிள் தலைகீழா இருந்துச்சு. மடிச்சு வச்சுட்டேன். இப்பத்தான் ஞாபகம் வருது."

"ஒரு பீஸ்தானே, அம்மிணி. போகட்டும்."

"எந்தப் பெட்டின்னு தெரியலைண்ணே. பச்சைக் கலர். மீடியம்."

பச்சை மீடியம் முப்பத்தொரு பெட்டி. திரும்ப டேப்பைக் கிழித்தோம். சூப்பர்வைசர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். பதினெட்டாவது பெட்டியில் அந்தப் பீஸ் கிடைத்தது. அதில் அம்பு ஒட்டி, தன் செக்கிங் நம்பர் எழுதிய சீட்டையும் சேர்த்துப் பின் குத்தி அந்தப் பெண்ணே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தார். அந்த மாதம் நல்ல செக்கர் என்று போர்டில் போட இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

கடல் கல் பற்றிய பேச்சு அந்த மே மாத விடுமுறைக்குப் பிறகு ஆரம்பித்தது. ஊரிலிருந்து திரும்பிய அன்றே, சாப்பாட்டு நேரத்தில் வந்தார்.

"அண்ணே, ஒங்க கம்ப்யூட்டர்ல கல்லுக்கு வர்ற சீக்கு இருக்குமா?"

எந்தக் கல் என்று எனக்குப் புரியவில்லை. தன் ஊருக்கு எதிரே கடலில் இருக்கும் தீவைச் சுற்றி இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் மான் கொம்பு போல் கிளைவிட்டு வளரும் கல் என்றார். நான் புத்தகங்களில் பவளப்பாறை என்று படித்தது அது. எண்ணெய் விட்டுத் துடைத்த பழுப்பு நிறத்தில் இருக்கும் அந்தக் கிளைகளில் கறுப்பாக ஒரு வரி ஓடுகிறதாம். வரிக்கு முன்னால் உயிரோடு இருக்கிறது. வரி கடந்துபோன இடம் சுண்ணாம்பு வெள்ளை.

"வெயிலுக்கு வெளுக்கிறது தானே? தண்ணி சூடானா வெளுத்துரும்னு படிச்சிருக்கேன்."

"அது வேறண்ணே. அது மொத்தமா வெளிறும். தண்ணி குளுந்தா சிலது திரும்பப் பழைய கலருக்கு வந்துரும், நானே பாத்திருக்கேன். இது ஓரத்துல இருந்து தின்னுக்கிட்டே போகுது. தின்ன எடத்துல தூசியும் பாசியும் படிஞ்சுருது. அம்புட்டுதான், முடிஞ்சுச்சு."

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் முக்கியம். அவருடைய தங்கை இன்னும் அங்கே பாசி எடுக்கிறார். கணவன் இல்லை, அந்தப் பார்தான் சோறு. பார் என்றால் கடலடியில் கல் வளர்ந்து கிடக்கிற இடம். இப்போது ஊரில் பேச்சு என்னவென்றால், பாசி எடுக்கிற பெண்கள் காலால் மிதித்து, கையால் ஒடித்துத்தான் கல்லுக்கு நோய் வருகிறது, அவர்களை அந்தப் பக்கம் விடக்கூடாது என்பது. தீவைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளும் அதைத்தான் சொல்கிறார்களாம்.

"நாங்க செருப்புப் போட்டுத்தான் எறங்குறோம், மிதிக்கிறதும் நெசந்தான். ஆனா எங்கம்மா காலத்துல இருந்து மிதிக்கிறோம். அப்ப வராத சீக்கு இப்ப ஏண்ணே வருது? காரணம் வேற என்னமோ இருக்கு. அது தெரிஞ்சா என் தங்கச்சி கடலுக்குப் போவா. தெரியலைன்னா அவளை நிப்பாட்டிருவாக."

அந்த வருடம் முழுதும் சாப்பாட்டு நேரத்தில் நான் ஆங்கிலத்தில் கிடைத்ததைப் படித்துத் தமிழில் சொல்வேன். அவர் தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். அது கல் அல்ல, பொடி உயிர்கள் கோடிக்கணக்கில் சேர்ந்து கட்டிய கூடு என்றேன். "உசுருன்னு எங்களுக்குத் தெரியாதாண்ணே, தொட்டா வழவழன்னு இருக்கும்" என்றார். கறுப்பு வரி என்பது பல கிருமிகள் சேர்ந்த ஒரு கூட்டம் என்றேன். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்றார். எப்போதும் அங்கேயே இருந்திருக்கலாம், தண்ணீர் சூடானதால் பெருகியிருக்கலாம். ஊர்ச் சாக்கடை கலந்ததால் இருக்கலாம். கடலடியை வாரும் இழுவை மடி வலை போடும் போட்டுகள் கிளப்புகிற சேற்றால் இருக்கலாம். பக்கத்தில் வளரும் பாசி உரசுவதால் இருக்கலாம். மீன் கடித்த காயம் வழியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

"இத்தனை 'இருக்கலாம்' போட்டு நான் ஒரு பீஸை மேசையை விட்டு அனுப்பினா சூப்பர்வைசர் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்றார். "எண்ணெய்க் கறைன்னா மெஷின் காரணம். துருக் கறைன்னா தண்ணி. இதுக்கு எதுண்ணே?"

ஒருநாள் திடீரென்று, "நம்ம சாயத் தண்ணி அங்கிட்டு வருமா?" என்று கேட்டார். நான் சுவரில் இருந்த மேப்பில் விரலை வைத்து சாயக் கழிவு போய்ச் சேரும் நொய்யல் ஆற்றைக் காட்டினேன். அது காவிரியில் சேர்ந்து கிழக்கே போய்க் கடலில் விழுகிறது. அவர் ஊர் அதற்குத் தெற்கே வெகுதூரம். வராது என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை, வரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர், "அக்கா, அதையும் நம்ம தலையில கட்டீராதீங்க, சாயத் தண்ணிக்கு இருக்கற கோர்ட் கேஸே போதுமுங்க" என்றார். அந்த அம்மிணி சிரிக்கவில்லை, மேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் கட்டும் யோசனை பாதி அவருடையது, பாதி என்னுடையது. இதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வரி எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று தெரிந்தால், எந்த மாதத்தில் வேகம், எதில் மெதுவு என்று தெரியும். பெண்கள் இறங்காத மாதத்திலும் நகர்ந்தால் அவர்கள் காரணமில்லை என்று சொல்லலாம். நான் சொன்னேன்: "தேதி வேணும், அம்மிணி. அடையாளம் வேணும். இல்லைன்னா உங்க பேச்சை யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

"அடையாளம் வைக்கிறதுதானண்ணே எம் வேலை" என்றார். தண்ணீரில் ஸ்டிக்கர் நிற்காது. தையல் நூல் நிற்கும். பருத்தி மக்கிவிடும் என்று பாலியஸ்டர் கோனில் மிச்சம் இருந்த நூலைக் கேட்டு வாங்கினார். தீபாவளிக்குச் சிவப்பு, பொங்கலுக்கு மஞ்சள், மே மாதத்துக்கு நீலம். ஒவ்வொரு முறையும் வரி நிற்கும் இடத்தில் கிளையைச் சுற்றிக் கட்டிவிட வேண்டியது.

அப்போது நான்தான் ஒன்று சேர்த்துச் சொன்னேன். படித்த திமிர்தான். "சீக்கு இருக்கற கிளையில மட்டும் கட்டினா பத்தாது. நல்லா இருக்கற கிளையிலயும் ஆறு கட்டுங்க. ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

2006 தீபாவளிக்குப் போய் ஆறு நோய்க் கிளையிலும் ஆறு நல்ல கிளையிலும் சிவப்பு நூல் கட்டி வந்தார். அலைக்கு நழுவாமல் இருக்க இறுக்கி இரட்டை முடிச்சு. தங்கை படகில் இருந்தபடி, "திருப்பூர்க்காரி கல்லுக்கு லேபிள் தைக்கிறாடி" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாராம். சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்ததை அந்த ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்.

பொங்கலுக்குப் போய்ப் பார்த்தார். நோய்க் கிளைகளில் கறுப்பு வரி சிவப்பு நூலைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது. நல்ல கிளைகள் நன்றாகவே இருந்தன. நான் கட்டம் போட்ட தாளில் தேதி, கிளை, விரற்கடை என்று எழுதி வைத்தேன். எங்களுக்குச் சந்தோஷம். அளவு என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டது.

2007 மே மாதம் அவர் திரும்பி வந்தபோது சாப்பாட்டு நேரம் வரை காத்திருக்கவில்லை. காலையிலேயே என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, நல்ல கிளை ஆறுல நாலு செத்துப்போச்சு."

"சீக்கு அங்கேயும் பரவிருச்சா?"

"நுனியில இருந்து வரலை. அடியில இருந்தும் வரலை." இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக் காட்டினார். "கட்டுன எடத்துல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் போயிருக்கு. நூல் அறுத்த காயம். அது வழியாப் பூந்திருக்கு. நூல்லயே பாசி வேற மொளைச்சு உரசியிருக்கு."

நான் அவசரமாக, கட்டாத கிளைகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். அங்கேயும் சில செத்திருக்கின்றன என்றார். எத்தனை? தெரியாது. எவை எவை தீபாவளிக்கு உயிரோடு இருந்தன? தெரியாது. அடையாளம் வைக்காத கிளையை எதை வைத்துத் தேடுவது? நூல் இல்லாமலும் அந்த நாலு செத்திருக்குமா என்பதைச் சொல்லக்கூடிய கிளைகளைத்தான் நாங்கள் குறிக்காமல் விட்டிருந்தோம். ஒப்பிட வேண்டும் என்று சொன்ன நானே அதை யோசிக்கவில்லை.

"மிச்சம் இருந்த நூலையெல்லாம் பிளேடால அறுத்து எடுத்துட்டேன்" என்றார். பிறகு வெளியே போய் மேசையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பீஸ் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த வருடம் தீபாவளி சமயத்தில் ஊரில் கூட்டம் வைத்தார்கள். பாசி எடுக்கும் பெண்கள், அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும். அக்கா திருப்பூரில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள், அதைக் கொண்டுவரட்டும் என்று தங்கைதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவர் என்னிடம் வந்து கணினியில் தமிழில் அடித்துத் தரச் சொன்னார்.

நோய்க் கிளைகளின் அளவு மட்டும் ஒரு பக்கத்துக்கு வந்தது. கடல் கலங்கிப் பெண்கள் அதிகம் இறங்காத தீபாவளி-பொங்கல் இடையிலும் வரி நகர்ந்திருக்கிறது என்பது அதில் தெரிந்தது. நான் அத்துடன் நிறுத்தி அச்செடுத்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "பாதிதான் இருக்கு" என்றார்.

"இது போதும், அம்மிணி. கேக்கறதுக்கு இதுதான் பதில்."

"நல்ல கிளைக் கதை?"

"அதை எதுக்குங்க அவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு? நூல் நாம கட்டினது. உங்க தங்கச்சி கட்டலையே."

"பொம்பளை கை பட்டுத்தான் கல்லு சாகுதுன்னு சொல்றாக. என் கை பட்டு நாலு செத்திருக்கு. அதை மறைச்சுட்டு மத்ததை மட்டும் எப்படிண்ணே காட்டுறது?"

"காட்டினா உங்க தங்கச்சி பொழப்பு போயிரும்."

"தெரியும்" என்றார். தாளை என் மேசையில் திருப்பி வைத்தார். பிறகு, "அடிங்கண்ணே" என்றார்.

அடித்தேன். 'கட்டியது நான்' என்று அவர் சொன்ன வரியையும் சேர்த்து அடித்தேன். நல்ல கிளையிலும் கட்டச் சொன்னது நான் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "ஒங்களை அங்க யாருக்குத் தெரியும்?" என்றார்.

கூட்டத்தில் முதல் பக்கத்தை யாரும் படிக்கவில்லையாம். காயம் வழியாக நோய் வருகிறது என்று ஒப்புக்கொண்டாகிவிட்டதே, நூலே இப்படிச் செய்தால் செருப்புக்கால் என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பாரில் நோய் கண்ட பக்கம் பெண்கள் இனி இறங்கக் கூடாது என்று முடிவானது. தங்கை பாசி எடுத்தது அந்தப் பக்கம்.

2008 பொங்கல் முடிந்து தங்கை திருப்பூருக்கு வந்தார். வேறு எங்கே போவது? அக்கா இருந்த, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை லைன் வீட்டிலேயே தங்கி, அதே ஹாலில், வேலை பழக அதே மேசையில். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா குறையைத் தொட்டுக் காட்டுவார். தங்கை அம்பை ஒட்டுவார். வாய் திறப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் ஜன்னல் பக்கம், ஒருவர் வாசல் பக்கம். அக்கா கொண்டுவரும் மீன் குழம்பு டப்பா திறக்காமலே திரும்பிப் போகும். மாசி முழுக்க இப்படி.

பங்குனியில் ஒரு மத்தியானம் தங்கை தனியாக என் அறைக்கு வந்தார். அக்காவை விட உயரம், அதே கீறல் விரல்கள்.

"நீங்கதான அந்தப் பேப்பர் அடிச்சது?"

"ஆமாங்க."

"எல்லாம் படிச்சிருக்கீயளாமே. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. அக்கா நூல் கட்டலைன்னாலும் அந்தக் கல்லு செத்திருக்கும்தானே?"

குரலில் கோபம் இல்லை. இரண்டு மாதமாக ஒரே அறையில் அக்காவுக்கு முதுகு காட்டிப் படுத்துக் களைத்த குரல். ஆமாம் என்று யாராவது சொன்னால் போதும் என்று நின்றார்.

"செத்திருக்கும்" என்றேன். "எப்படியும் செத்திருக்கும். உங்க அக்காவால இல்ல."

"நெசமாவா?"

"படிச்சிருக்கேன்."

தங்கை தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். தங்கை ஏதோ சொல்ல, அக்கா குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேசையில் இருந்த காகிதங்களைத் தேவையில்லாமல் அடுக்கி அடுக்கி வைத்தேன்.

மூன்று நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா என் அறைக்கு வந்தார்.

"அண்ணே, எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

எதைக் கேட்கிறார் என்று தெரிந்தும் நான் மேசையில் இருந்த காகிதத்தைப் புரட்டினேன்.

"தங்கச்சிகிட்டச் சொன்னீயளாம்ல. கட்டலைன்னாலும் செத்திருக்கும்னு. எனக்கு மட்டும் ஏன் சொல்லலை? எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க, நானும் பாத்துக்கிறேன்."

கேலி இல்லை. இருக்கும் என்று அவரும் நம்ப ஆசைப்பட்டார் என்றே இப்போது நினைக்கிறேன். கையை மேசைமேல் ஊன்றிக் காத்திருந்தார்.

"இல்லீங்க அம்மிணி" என்றேன். "எங்கேயும் இல்லீங்க. எனக்குத் தெரியாது."

அவர் மூச்சை விட்டார்.

"சரிண்ணே."

"விடுங்க, அம்மிணி. அவங்க நம்பிட்டாங்க. நல்லா இருக்கறீங்க ரெண்டு பேரும். இதை விட்டுருங்க."

அவர் கதவைத் திறந்து ஹாலுக்குள் போனார். ஜன்னல் பக்கம் தங்கை டப்பாவைத் திறந்து இரண்டு மூடியில் சோறு பிரித்து வைத்திருந்தார். அக்கா உட்காரவில்லை. நின்றபடி குனிந்து ஏதோ சொன்னார். மூன்று நான்கு வார்த்தைக்கு மேல் இருக்காது. ஹாலில் மெஷின் ஓடவில்லை என்றாலும் அவ்வளவு தாழ்ந்த குரல் கண்ணாடி வழியாக எனக்குக் கேட்கவில்லை; எந்தப் புஸ்தகத்திலும் இல்லை என்பதாகத்தான் இருக்கும்.

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பங்குச் சோற்றை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தார்.